பச்சைப் பேனாவின் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள்

அந்த மருத்துவமனையின் மருந்தகம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சன்னல் கிடையாது. எட்டு மாடிகளில் படுத்திருக்கும் அத்தனை பேருடைய மாத்திரையும் ஊசியும் இந்த ஒரே அறையிலிருந்துதான் தட்டுத் தட்டாக லிஃப்டில் ஏறுகின்றன. ஒருவர் மருந்துச் சீட்டைப் பார்த்து ரேக்கிலிருந்து மருந்தை எடுப்பார். அடுத்தவர் படுக்கை எண்ணையும் அளவையும் அச்சடித்து லேபிள் ஒட்டுவார். மூன்றாமவர் முதல் இருவரையும் கொஞ்சமும் நம்பாமல், சீட்டையும் தட்டையும் புதிதாகப் பார்ப்பார். இதற்கு அங்கே இரண்டாம் பார்வை என்று பெயர். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடாமல் ஒரு தட்டும் வாசலைத் தாண்டாது.

லேபிள் ஒட்டுகிறவளை எல்லோரும் லேபிள் அக்கா என்பார்கள். வயது நாற்பத்து நான்கு. இரண்டாம் பார்வை பார்ப்பவருக்கு ஐம்பத்தாறு. அவருக்குப் பச்சைப் பேனா என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆளைப் பார்த்திராத வார்டு நர்சுகள்கூடப் போனில், "பச்சைப் பேனா பார்த்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு மட்டும் அவர் அண்ணே. அவருக்கு அவள் தங்கச்சி.

இரண்டாம் பார்வை மேசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தட்டை வைத்துவிட்டு யாரும் வாய் திறக்கக் கூடாது. "சரியாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் போச்சு, பார்க்கிறவர் கண் அதை நம்பிச் சோம்பிவிடும். ஆனால் அவர் ஏதாவது கேட்டால், கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தப்புப் பண்ணியவர்களை யாரும் கடித்துக் குதறியதில்லை. கேட்டும் மறைத்த ஒருவரை மட்டும் தலைமை மருந்தாளர் அதே வாரம் வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் ஓய்வு. குளிர்பெட்டிக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட அட்டைப்பெட்டி மேல் ஒரு சின்ன காந்தச் செஸ் பலகை வரும். காணாமல் போன கறுப்புச் சிப்பாய்க்குப் பதிலாக ஊசி மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி நிற்கும். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம். பதினோரு வருடமாக அவளும் அவரும் ஆடுகிறார்கள், பதினோரு வருடமாக அவர் ஜெயிக்கிறார். அவள் ஒன்றும் ஆடத் தெரியாதவள் அல்ல. பள்ளிக்கூடத்து நால்வர் அணியில் இருந்தவள். நாலாவது பிள்ளைக்கு அம்மை போட்டதால் சேர்த்துக்கொள்ளப்பட்டவள் என்பதை மட்டும் வெளியில் சொல்வதில்லை.

தோற்பது பழகிவிட்டது. பழகாதது அவருடைய வாய். "தங்கச்சி, உன் ராணிக்கு இன்னிக்கு லீவா? நின்ன இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குதே" என்பார். ராஜா ஓட ஆரம்பித்தால், "பாவம், மூட்டு வலிக்காரரை இப்படி நடக்க விடுறியே" என்பார். நெஞ்சில் விஷம் இல்லாத கேலிதான். ஆனால் பக்கத்தில் லிஃப்ட்காரர் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆட்டம் முடிந்ததும் முடிவு அவரோடு லிஃப்டில் ஏறி எட்டு மாடிக்கும் போய்விடும். அவள் காலித் தட்டுகளை வாங்க மூன்றாம் மாடிக்குப் போனால், கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர்கூட, "இன்னிக்கும் போச்சாமே?" என்று விசாரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள். சிரித்துச் சிரித்து ஒரு நாள் தாடை வலித்தது.

அன்றைக்குப் பேருந்தில் வரும்போதுதான் போனில் அந்தச் செஸ் செயலியை இறக்கினாள். முதல் நான்கு மாதம் புதிர்கள் மட்டும். ஒரு நிலையைக் காட்டி, வெள்ளைக்கு இரண்டே நகர்த்தலில் வெற்றி, கண்டுபிடி என்று கேட்கும். தப்பாகத் தொட்டால் சிவப்பு, சரியாகத் தொட்டால் பச்சை. பேருந்தில் நாற்பது நிமிடம், அடுப்பில் ஏதாவது வேகும்போது பத்து நிமிடம். கட்டங்கள் மெல்ல மெல்ல அவளோடு பேச ஆரம்பித்தன. அவருடனான ஆட்டங்களில் தோல்வி இருபது நகர்த்தலில் வந்தது போய் நாற்பதில் வந்தது. இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகுதான் செயலியில் இன்னொரு வசதி கண்ணில் பட்டது. ஆடி முடித்த ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாக உள்ளிட்டால், எங்கே தடுமாறினாய், எதிராளி எங்கே தடுமாறினார் என்று கோடு போட்டுக் காட்டும். ஆட்டங்களைச் சேர்த்து வைத்தால், ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளையும் திரட்டித் தரும். அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். பெயர் கேட்டது. பச்சைப் பேனா என்று கொடுத்தாள்.

முதலில் பன்னிரண்டு நகர்த்தலுக்கு மேல் ஞாபகம் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் முழு ஆட்டமும் நின்றது. மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்த தலைதானே. தினமும் சாயங்காலம் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அன்றைய ஆட்டத்தைக் கொட்டிவிடுவாள். அவர் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுரிந்து வந்தது. ஓசியில் கிடைக்கும் சிப்பாயை அவர் விடுவதே இல்லை, அதுவும் ராணியாலேயே போய்க் கொத்துவார். தன் இரண்டு மந்திரிகளையும் வெட்டுக்குக் கொடுக்க மனசு வராது, நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தாவது பின்வாங்குவார். ஜெயிக்கிற நிலை வந்ததும் வாய் ஓட ஆரம்பிக்கும், கை அவசரப்படும். அவளுடைய அண்ணனின் சுபாவம் முழுக்க அந்த ஆறங்குலத் திரையில் வரிசையாக நின்றது.

அவளுடைய கணவர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இது படிப்பா, இல்ல துப்பறியிற வேலையா?"

"பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் இப்படித்தான் செய்வாங்க."

"செய்யட்டும். எதிராளிக்கும் அது தெரியும்ல? உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

முதல் பொறி ஒரு செவ்வாய்க்கிழமை வேலை செய்தது. ராணிப் பக்கத்துக் குதிரையின் முன்னால் இருந்த சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டு வைத்தாள். அவருடைய ராணி பசியோடு வந்து கொத்தியது. அவள் ஒரு குதிரையை நகர்த்தினாள். ராணிக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அவர் குனிந்து பார்த்தார், இன்னும் குனிந்து பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அடி சக்கை. தங்கச்சி கல்லெறிஞ்சு மாங்கா விழுந்துடுச்சு" என்று லிஃப்ட்காரரிடம் சொன்னார். லிஃப்ட் அன்று எல்லா மாடியிலும் கொஞ்சம் அதிக நேரம் நின்றதாகக் கேள்வி.

மறுநாளும் ஜெயித்தாள். அதற்கடுத்த நாளும். இரண்டாவது வாரம் முடியும்போது அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் காய்களை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஏம்மா, நீ ஏதாவது தனியா படிக்கிறியா? புத்தகம், போனு, அப்படி ஏதாவது?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் லிஃப்ட்காரர். மூன்றாம் மாடியில் இன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பார்த்து ஒருவர் கை தட்டியிருந்தார். படித்தேன் என்று சொன்னால் ஜெயித்தது எல்லாம் போனுடைய சமர்த்து ஆகிவிடும்.

"ஐயோ, எனக்கு எங்கண்ணே நேரம்? வீட்டு வேலைக்கே நாள் போதலை. ஏதோ அதிர்ஷ்டம்."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இது செஸ் பலகைதானே, இரண்டாம் பார்வை மேசை இல்லையே என்று அவள் பேருந்தில் தனக்குத்தானே வழக்காடினாள். வழக்கு வீடு வரை நடந்தது. இரு தரப்புக்கும் அவளே வக்கீல் என்பதால் எளிதாக ஜெயித்தாள்.

அடுத்த ஆறு வாரத்தில் நடந்தவற்றை அவள் பார்த்தாள். பார்த்தும் சேர்த்துக் கோக்கவில்லை, அல்லது கோக்க விரும்பவில்லை. இரண்டாம் பார்வை மேசையில் தட்டுகள் தேங்கின. ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இரண்டு முறை பார்த்தார், பிறகு மூன்று. பேனாவின் மூடியைத் திறப்பார், மூடுவார், சீட்டை மறுபடி எடுப்பார். மேலேயிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. தோற்ற கடுப்பில் ஆமை வேகத்தில் போகிறார் என்று அவள் முடிவு கட்டினாள். பெரிய மனிதருக்கு ஆட்டத்தில் தோற்றால் இவ்வளவு ரோஷமா என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பின்னால் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டது கொஞ்சமல்ல.

விஷயத்தை உடைத்தவர் லிஃப்ட்காரர். ஒரு புதன்கிழமை காலித் தட்டுகளோடு அவள் லிஃப்டில் நிற்கும்போது, கதவு மூடியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பச்சைப் பேனா தலைமை மருந்தாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டாராம். திங்கட்கிழமையிலிருந்து தன்னைக் கிடங்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறாராம். அட்டைப்பெட்டி எண்ணுகிற வேலை.

"எதுக்கு?" என்றாள்.

"மண்டை மழுங்குதாம். அப்படித்தான் சொன்னாரு. 'பதினோரு வருஷம் என்கிட்ட தோத்த பொண்ணு. அவ புதுசா எதுவும் படிக்கலை, நான் கேட்டேன், இல்லேன்னுட்டா. அப்ப மாறினது யாரு? பலகையில கண்ணு முன்னாடி இருக்கிறதை விடுறவன், தட்டுல எதை விடுறானோ'ன்னு சொல்றாரு. அஞ்சாவது மாடியில போய் ஞாபக சக்திப் பரிசோதனைகூட எடுத்துட்டாரு. ஒரு கோளாறும் இல்லைன்னாங்களாம். நம்ப மாட்டேங்கிறாரு. அதெல்லாம் சின்னப் பிள்ளை கணக்காம், செஸ்தான் சரியான பரிசோதனையாம்." லிஃப்ட்காரர் பொத்தானைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார். "வீட்டம்மாவை வண்டியில பின்னாடி ஏத்துறதையும் விட்டுட்டாரு. பஸ்ல போகச் சொல்றாராம்."

லிஃப்ட் நின்றது. எந்த மாடி என்று அவளுக்குத் தெரியவில்லை.

சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். வியாழக்கிழமை காலை அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த முடிவு கால் நழுவி விழுந்தது. அதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழி தோன்றியது. தோற்றுவிடலாம். இன்றும் நாளையும் தோற்றால் போதும், மனுஷன் தெம்பாகிவிடுவார், கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவார், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அன்று ஒரு சிப்பாயை விட்டாள், ஒரு குதிரையை விட்டாள், தோற்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். வெள்ளிக்கிழமை தைரியம் கூடிப்போய் யானையையே அவர் மந்திரியின் பாதையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் வெட்டவில்லை. யானையைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"இது தப்பு இல்லை, தங்கச்சி."

அவள் யானையையே பார்த்தாள்.

"முப்பது வருஷமா தப்பைப் பார்க்கிறதுதான் என் பொழப்பு. தப்புப் பண்றவங்களுக்குத் தப்புப் பண்றது தெரியாது. கை அங்கேயே நிக்கும். உன் கை யானையை வெச்சதும் சட்டுனு மடிக்குப் போயிடுச்சு. நேத்தும் அப்படித்தான் போச்சு." அவர் குரல் உயரவே இல்லை. "பார்த்துப் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஆயிட்டேனா?"

லிஃப்ட்காரர் வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பச்சைப் பேனா காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். ரப்பர் மூடியைக் கடைசியில் போட்டார். ஓய்வு முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவர் போய்த் தன் மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பணி மாறும் நேரம். மற்றவர்கள் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடித் துணி, பச்சைப் பேனாக்கள் ஒரு கட்டு, ஒரு மாத்திரை நறுக்கி. அவள் போய் மேசைக்கு எதிரில் நின்றாள். அந்த இடத்தில் நின்று பேசியதே இல்லை. போனைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பொய் சொல்லிட்டேன் அண்ணே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையின் தலைப்பில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தார். கீழே எண்ணிக்கை, இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள். மருந்துச் சீட்டைப் படிப்பது போலவே படித்தார், மேலிருந்து கீழாக, ஒரு வரியையும் தாண்டாமல். ராணியால் சிப்பாய் எடுத்தல், எழுபத்தொரு தடவை. மந்திரியைக் காப்பாற்றப் பின்வாங்குதல், ஐம்பத்தெட்டு தடவை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். துணி இல்லாமல் நிற்பது அவரா தானா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேருமே என்றுதான் பட்டது.

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. அவளே அதைத் திறந்து பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் சிவப்புக் குறி போட்ட பிழைகள்தான். அது மாதவாரியான துல்லியக் கணக்கு, நூற்றுக்கு எத்தனை நகர்த்தல் சரி என்று. அவருடைய கோடு பத்து மாதமாக எழுபதை ஒட்டியே நேராக ஓடியது. ஒரு மாதம் எழுபத்தொன்று, ஒரு மாதம் அறுபத்தொன்பது. தோற்ற மாதங்களிலும் அதே எழுபது. அவளுடைய கோடுதான் ஐம்பத்தெட்டில் தொடங்கி மேலே மேலே ஏறி, ஓர் இடத்தில் அவரைத் தாண்டியிருந்தது.

அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல இழுத்தார்.

"நான் விழவே இல்லையா?"

"இல்லைண்ணே."

"இது எத்தனை நாளா உன் பையில இருக்கு?"

கேட்டால் மறைக்கக் கூடாது. "முதல் நாள்ல இருந்து" என்றாள். "நான் பார்க்கலை. பார்க்கணும்னு தோணலை."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகையா அலுப்பா என்று சொல்ல முடியாது. "என் ஆட்டத்தைப் படிச்சதுல ஒண்ணும் இல்லை. ஆடுறவன் படிக்கத்தான் செய்வான். நானும் படிச்சிருக்கணும், வாயடிச்சே பதினோரு வருஷம் ஓட்டிட்டேன்." போனை அவள் பக்கம் தள்ளினார். "ஆனா நான் கேட்டேன்."

அவள் போனை எடுத்துப் பையில் போட்டாள்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஏன் என்று தலைமை மருந்தாளர் கேட்பார், அதைத் தான் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். ஆகவே அவள்தான் போனாள். தலைமை மருந்தாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிற நேரம். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். அவள் எதையும் விடாமல் சொன்னாள், வியாழனும் வெள்ளியும் வேண்டுமென்றே தோற்றதையும் சேர்த்து.

"இது தட்டுல நடந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் தலைமை மருந்தாளர்.

"தெரியும் மேடம்."

"தட்டுல நடக்கலை. அதனால வேலை இருக்கு. போயிட்டு வாங்க." கதவருகே நின்று திரும்பி, "ஒரு நல்ல செக்கரை அட்டைப்பெட்டி எண்ண அனுப்ப இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

லிஃப்ட்காரரிடமும் அவளே சொன்னாள். அவர் வாயிலிருந்து எட்டு மாடிக்கும் போன கதை, அவர் வாயிலிருந்தே திரும்பிப் போக வேண்டும் அல்லவா. திங்கட்கிழமை மதியத்துக்குள் போய்விட்டது. மூன்றாம் மாடியில் கை தட்டியவர் குணமாகி வீடு போயிருந்தார், அது ஒன்றுதான் ஆறுதல். மற்றவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். யாரோ ஒரு நர்ஸ், "போன் இல்லாம வந்தீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

பச்சைப் பேனா பழைய வேகத்துக்கு ஒரே வாரத்தில் திரும்பினார். ஒரு பார்வை, ஒரு கையெழுத்து. மேலேயிருந்து வந்த போன்கள் நின்றன. மனைவியை வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கியதைக் காவலாளி பார்த்திருக்கிறார். மதியம் பலகை வெளியே வரவில்லை. அவர் தன் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கட்டங்களைக் குறி பார்த்துத் தொட்டுக்கொண்டே சாப்பிட்டார். சிவப்பு வந்தால் புருவம் சுருங்கும். அவள் குளிர்பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். செயலியில் கோப்பை அழிக்கலாமா என்று இரண்டு தடவை விரலைக் கொண்டுபோனாள். அழித்தால் மறைக்கிறது போல் இருக்கும். அப்படியே விட்டாள்.

பத்தாம் நாள் வேலை நெரிசல். ஆறாம் மாடியிலிருந்து ஒரே நேரத்தில் பதினெட்டுச் சீட்டுகள். தலையைக் குனிந்தபடியே அச்சடித்தாள், ஒட்டினாள், தட்டைத் தள்ளினாள். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பேனா காகிதத்தைத் தொடவில்லை. தட்டு திரும்பி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. லேபிளுக்குக் கீழே அவருடைய விரல். சீட்டில் அரை மில்லி என்று இருந்தது. அவள் அச்சடித்திருந்தது ஐந்து மில்லி. அது ஒரு குழந்தையின் படுக்கை எண்.

பழைய நாளாக இருந்தால், "தங்கச்சி, குழந்தைக்கு மருந்தா, யானைக்கா?" என்று கேட்டு அறையே சிரித்திருக்கும். சிரிப்போடு சிரிப்பாகத் தப்பும் கரைந்திருக்கும்.

"இதைக் கொஞ்சம் பார்த்துடுங்க" என்றார் அவர்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளை நீங்க என்று சொன்னார். குரலில் கோபம் இல்லை. ரேக்கிலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு புது ஆளிடம் பேசுகிற மரியாதைதான். கண் கூர்மையாகத்தான் இருக்கிறது, ஒன்றும் மழுங்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை முகத்தில் காட்ட வெட்கமாக இருந்தது.

"சரிங்க" என்று சொல்லி லேபிளை உரித்தாள். பசை விரலில் ஒட்டியது. அரை மில்லி என்று புதிதாக அச்சடித்து, சீட்டோடு ஒரு தடவை ஒப்பிட்டு, இன்னொரு தடவை ஒப்பிட்டு, ஒட்டி, தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு வாய் திறக்காமல் நின்றாள்.